இயங்க மறுத்த ஹாட் டிஸ்க்கும் இழக்கக்கூடாத குரல்களும்

2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அந்த வருடம் முதல் நான் பதிவுசெய்த தாய்மாரின் நேர்காணல்கள் எல்லாம் ஒரு பழைய மடிக்கணினிக்குள்தான் இருந்தன. அந்தத் தாய்மாரில் சிலர் இன்று உயிருடன் இல்லை.

கடந்த மாதம் அந்தக் கணினி ஒரு கோப்பைத் திறக்கவே பல நிமிடங்கள் எடுத்தது. ஹாட் டிஸ்க் பழுதாகப் போகிறது என்று விளங்கியது. புதிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, இரவிரவாகக் குளோன் எடுத்தேன். காலையில் அதைப் பூட்டிக் கணினியைப் போட்டால் கறுப்புத் திரை. இயங்கக்கூடிய டிஸ்க் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும்.

கடைக்குக் கொண்டுபோனேன். “போமற் அடிச்சு விண்டோஸ் புதுசாப் போட்டுத் தாறன் தங்கச்சி, பின்னேரம் வாங்கோ” என்றார் கடைக்காரர். கணினியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று நான் கற்றுக்கொண்ட முதல் பாடம்: கணினி இயங்கவில்லை என்பதும் கோப்புகள் இல்லை என்பதும் வேறு வேறு விடயங்கள். புதிய டிஸ்கை யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு நண்பரின் கணினியில் பொருத்தினோம். நேர்காணல்கள் எல்லாம் இருந்தன. வேறு எதையும் தொட முன்னர், அவற்றை இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்தோம். நீங்களும் இதிலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்து, பயொஸ் அமைப்புக்குள் போய்ப் புதிய டிஸ்க் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் சரியாகப் பூட்டுப்படவில்லை, அல்லது டிஸ்கே பழுது. தெரிந்தால் பூட் வரிசையில் அதை முதலாவதாக வையுங்கள்.

மூன்றாவது, டிஸ்கின் வகை. ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்கிலிருந்து விண்டோஸ் இயங்க, கணினி யூஇஎஃப்ஐ முறையில் இருக்கவேண்டும். பழைய எம்பிஆர் முறை என்றால் லெகசி முறை வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் குளோன் சரியாக இருந்தும் கணினி இயங்காது.

என்னுடைய பிழை நான்காவது. ‘சி’ பகுதியை மட்டும் தெரிவுசெய்து குளோன் எடுத்திருந்தேன். யூஇஎஃப்ஐ கணினியில் விண்டோஸைத் தொடக்கிவைக்கும் கோப்புகள் ‘சி’யில் இல்லை. பெரும்பாலும் 100 எம்பி அளவிலான, கண்ணுக்குத் தெரியாத இஎஃப்ஐ பகுதி ஒன்றில் இருக்கின்றன. வீட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து, வாசற்கதவை மட்டும் விட்டுவிட்டு வந்த கதை. பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், எல்லாப் பகுதிகளையும் சேர்த்து மீண்டும் குளோன் எடுப்பதே இலகு. என்னுடையதை மறுபடி ஓட்டத் துணிவில்லை. ஆகவே விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் ஒன்றால் கணினியைத் தொடக்கி, டிஸ்கில் மிச்சமிருந்த வெற்றிடத்தில் இஎஃப்ஐ பகுதியை உருவாக்கி, ‘பிசிடிபூட்’ கட்டளையால் தொடக்கக் கோப்புகளை எழுதினோம். விண்டோஸ் திறந்தது.

இன்னும் இரண்டு விடயங்கள். குளோன் எடுத்த பின் முதற்தடவை இயக்கும்போது பழைய டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள இலக்கம் இருப்பதால் விண்டோஸ் குழம்பலாம். பிட்லொக்கர் பூட்டு இருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியை முன்கூட்டியே கடதாசியில் எழுதி வையுங்கள்.

இடம்பெயர்வுகளில் அல்பங்களையும் பிறப்புப் பத்திரங்களையும் தொலைத்தவர்கள் நாங்கள். இன்று பிள்ளையின் கடைசிப் படம் பலரிடம் ஒரேயொரு தொலைபேசியில் இருக்கிறது. அதை இன்றைக்கே இன்னோரிடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். என்னிடமுள்ள பதிவுகள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. அதில் ஒன்று வேறு ஊரில்.