ஒழுகும் ஜலதாரை

கூரை ஒழுகினால் அது மழைக்காலத்துக் கஷ்டம்; வெயில் வந்ததும் மறந்துவிடலாம். ஸ்நான அறையின் கழிவுநீர்க் குழாய் ஒழுக ஆரம்பித்துவிட்டாலோ, அதற்குப் பருவம் என்பதே கிடையாது. மாடியில் ஒருவர் இரண்டு செம்பு ஜலம் விட்டுக்கொண்டால் போதும். கீழ் அறைச் சுவர் வேர்க்கத் தொடங்கிவிடும். இத்தகைய வேர்வையை நாம் சமீபத்தில் நாகரசம்பட்டியில் ஒரு நண்பர் இல்லத்தில் கண்டோம்.

நாகரசம்பட்டி, போச்சம்பள்ளி தாலூகாவிலுள்ள ஓர் ஊர். 1965-ஆம் வருஷம் வரையில் சேலம் ஜில்லாவில் இருந்தது. பின்பு தர்மபுரி ஜில்லாவுக்குப் போயிற்று. 2004 முதல் கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்திருக்கிறது. ஊர் இருந்த இடத்தை விட்டு அசையாமலே மூன்று ஜில்லாக்களைப் பார்த்துவிட்டது. நம் நண்பர் வீட்டுக் குழாயோ அரை அங்குலம் அசைந்தது. அவ்வளவுதான், இரண்டு குடும்பங்களின் சிநேகம் போய்விட்டது.

விஷயம் இதுதான். மாடி ஸ்நான அறையின் ஜலதாரைக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, இரண்டடி அகலச் சந்திலே வளைந்து கீழே இறங்குகிறது. சந்துக்கு இந்தப் புறம் நண்பரின் கீழ் அறை; அதிலே வருஷத்துக்கு வேண்டிய கேழ்வரகு மூட்டைகள். அந்தப் புறம் பக்கத்து வீட்டுக்காரரின் சுவர். கேழ்வரகு மூட்டை இரண்டில் பூஞ்சை பிடித்தது. பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. தை மாதத்திலிருந்து இரு வீட்டாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகைகூட நண்பர் வீட்டுக்கு வரவில்லை என்று அவருடைய தாயார் கண் கலங்கிச் சொன்னார்.

"ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினாலென்ன?" என்றோம்.

"காட்டாமலா இருந்தோம்? மேலே தளம் முழுவதையும் பெயர்த்துவிட்டு மறுபடி போட வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டபின் அதைப் பற்றி யாரும் வீட்டில் பேசுவதில்லை" என்றார் நண்பர்.

"நாமே பார்த்தாலென்ன?"

நண்பர் சிறிது தயங்கினார். சாக்கடை வேலை அல்லவா, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது அவருடைய தயக்கம். 1901-ஆம் வருஷத்தில் கல்கத்தாக் காங்கிரஸுக்குச் சென்ற காந்தியடிகள், கழிப்பிடங்களின் அசுத்தத்தைத் தொண்டர்களிடம் சுட்டிக் காட்டியபோது, "அது எங்கள் வேலையல்ல" என்று அவர்கள் பதில் சொன்னதாகவும், தாமே துடைப்பத்தைக் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்ததாகவும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நாம் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. நாம் தொடப்போவது நண்பர் குளித்த ஜலந்தானே! இதைச் சொன்னதும் அவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

முதலில் ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். நோய் தெரியாமல் மருந்து கொடுப்பதுபோலத்தான் பெரும்பாலான குழாய் வைத்தியம் நடைபெறுகிறது. ஜலம் தளத்தின் ஓட்டு இடுக்குகள் வழியாகவும் கசியலாம். குழாய் வழியாகவும் கசியலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. ஆகவே ஜலதாரையின் வாயைக் கந்தல் துணியால் இறுக அடைத்து, அறையில் இரண்டங்குல உயரத்துக்கு நீர் நிறுத்தினோம். அதிலே கரைக்க மஞ்சள் பொடி கேட்டோம். "மங்களகரமான மஞ்சளையா சாக்கடையில் கொட்டுவது?" என்று தாயார் மறுத்துவிட்டு, வெளுப்புக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொடுத்தார். நமக்கு நீலமும் சம்மதமே. ஒரு மணி நேரம் காத்திருந்தும் கீழே ஒரு துளி நீலமும் இறங்கவில்லை. தளம் நிரபராதி என்று தெரிந்தது. துணியைப் பிடுங்கியதும் ஜலம் குழாயில் பாய்ந்தது. சந்திலிருந்த முழங்கை வளைவின் மேல் இணைப்பிலிருந்து நீலத் துளிகள் முத்து முத்தாக விழுந்தன. ஒரு வாரம் தளத்தைப் பெயர்த்திருந்தாலும் அந்த முத்துக்கள் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், குழாயைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்பு ஆணி கழன்று தொங்குகிறது. குழாய் தன் பாரத்தாலேயே தாழ்ந்து, இணைப்பு வாய் திறந்திருக்கிறது. போதாக்குறைக்கு, குழாய் பொருத்தியவர் பசை தடவாமல் வெறுமனே செருகியிருக்கிறார்! மேலே யாரோ சிமெண்டை அப்பியிருக்கிறார்கள். பி.வி.ஸி. குழாயின் வழவழப்பிலே சிமெண்டு ஒட்டாது என்பது பாவம், சிமெண்டுக்குத் தெரியும், அப்பியவருக்குத்தான் தெரியவில்லை.

இவ்விடத்தில் ஒரு பழங்கதை. சிந்துநதிப் பிரதேசத்தில் மொஹஞ்சதாரோ என்னும் புராதன நகரத்தில், சுமார் 4,500 வருஷங்களுக்கு முன் கட்டிய பெரிய ஸ்நானக் குளம் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 39 அடி நீளமும் 23 அடி அகலமும் 8 அடி ஆழமும் உள்ளது. ஜலம் கசியாமலிருக்க, செங்கற்களை ஜிப்ஸச் சாந்தில் நெருக்கிப் பதித்து, பின்புறம் தார் பூசியிருந்தார்கள். நீரை வெளியேற்ற மூலையில் தனி வாய்க்கால் உண்டு. நம் சிவகங்கை ஜில்லாக் கீழடியிலும், ஒன்றனுள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்களை அகழ்வாராய்ச்சிக்காரர்கள் கண்டெடுத்தார்கள். குழாய்களைச் சேர்க்கும் வித்தை நமக்குப் பிறர் கற்றுத்தர வேண்டிய ஒன்றல்ல. நடுவில் மறந்துபோனோம் போலிருக்கிறது.

சரி, சந்துக்குத் திரும்புவோம். முதல் காரியம், அன்று முழுவதும் மாடியில் குளியல் கூடாது. பி.வி.ஸி. பசை என்பது உண்மையில் கோந்து அல்ல. அது குழாயின் மேற்பரப்பைச் சிறிது கரைத்து இளக்குகிறது. இளகிய இரண்டு பரப்புகளும் கலந்து இறுகி ஒன்றாகின்றன. ஈரமோ அழுக்கோ இருந்தால் இது நடக்காது. ஒழுகுகிற இணைப்பின்மேல் பசையைத் தடவிப் பயனில்லை என்பதற்குக் காரணம் இதுவே. வளைவின் இரு புறமும் குழாயைச் சிறிது அறுத்தெடுத்தோம். அறுத்த விளிம்புப் பிசிறுகளை உப்புக் காகிதத்தால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தோம். புது வளைவும், இரண்டு குட்டைத் துண்டுகளும், இரண்டு கப்ளர்களும் வாங்கியாயிற்று.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. இரு முனையும் அசையாத குழாயின் நடுவே புதுத் துண்டைச் செருக இடம் ஏது? கப்ளரின் நடுவிலே உட்புறம் ஒரு சிறு வரம்பு இருக்கும். அதை அரத்தால் ராவிவிட்டால் கப்ளர் முழுவதும் குழாயின்மேல் ஏறிக்கொள்ளும். துண்டை நேராக வைத்தபின் அதைக் கீழே இழுத்து இரண்டையும் மூடிவிடலாம். ஆனால் பசை தடவியபின் தயங்கக் கூடாது, நொடியில் பிடித்துக்கொள்ளும். முதல் தடவை நண்பர் "சரியா?" என்று கேட்டு முடிப்பதற்குள் அது கோணலாகவே பிடித்துக்கொண்டது. இன்னொரு கப்ளர் வாங்கிவர ஆள் அனுப்பினோம். பசை தடவுமுன் ஒரு முறை உலர்வாகப் பொருத்தி, பென்சிலால் அடையாளமிட்டுக்கொள்வது உத்தமம் என்று அப்போதுதான் உறைத்தது.

கிளாம்பு புதிதாக இரண்டு அடித்தோம். படுக்கைக் குழாய் நான்கடிக்கு ஒரு அங்குலமாவது சரிய வேண்டும். இல்லாவிட்டால் சோப்பு அழுக்கு தங்கும். எல்லாம் சேர்த்து, கோணலான கப்ளர் உள்பட, செலவு 300 ரூபாய்க்குள்.

மறுநாள் காலையில் மறுபடியும் நீல ஜலம் விட்டோம். தாயார் இணைப்பின் கீழே ஒரு பழைய தினசரித் தாளைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். தாள் நனையவில்லை. அவர் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, எதுவும் பேசாமல், பக்கத்து வீட்டு வாசலுக்கு நடந்தார்.