துகள் உணரிகளும் வாயுத் தூய்மையும்

தேனி மாவட்டத்தின் பொட்டிப்புரத்தில் அமையவிருந்து எதிர்ப்புகளால் முடங்கிய இந்திய நியூத்திரினோ ஆய்வகத்தின் சிறு முன்மாதிரி மதுரையில் இயங்குகிறது. அதன் 85 தொன் இரும்பு அடுக்குகளுக்கிடையே செருகப்பட்டுள்ள உணரிகள், 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரு கண்ணாடித் தகடுகளை 2 மில்லிமீற்றர் இடைவெளியில் நிறுத்தி, அவ்விடைவெளியில் வாயுக்கலவையொன்றை ஓடவிட்டு, குறுக்கே ஏறத்தாழ 10,000 உவோற்று மின்னழுத்தம் வழங்கப்பட்ட தட்டையான அறைகளாகும். விண்ணிலிருந்து வரும் மியூவோன் வாயுவைக் கடக்கையில் விடுவிக்கும் சில இலத்திரன்கள், மின்புலத்தால் முடுக்கப்பட்டு மேலும் பலவற்றை விடுவித்துப் பெருகுவதாலேயே அளக்கத்தக்க துடிப்பு பிறக்கிறது.

கலவையில் ஏறத்தாழ 95 சதவீதம், கார்க் குளிரூட்டிகளில் நிரப்பப்படும் ஆர்-134ஏ என்னும் புளோரீன் சேர்மமே. எஞ்சியதில் பெரும்பங்கான ஐசோபியூட்டேன், பெருக்கத்தின்போது வெளிப்படும் புறஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ள, மிகச் சிறிதளவே சேர்க்கப்படும் கந்தக எக்சாபுளோரைட்டு, பெருக்கம் தீப்பொறியாக மாறாமல் தடுக்கிறது. இக்கலவையில் ஒட்சிசன் புகுந்தால் அது இலத்திரன்களைப் பற்றிக்கொண்டு துடிப்பை நலிவிக்கும். நீராவியோ அதனினும் கொடியது. மின்னிறக்கத்தில் சிதையும் ஆர்-134ஏயின் புளோரீனுடன் சேர்ந்து, கண்ணாடியையே அரிக்கும் ஐதரோபுளோரிக்கமிலத்தை உண்டாக்கிவிடும்.

சப்பானின் பெல் உணரி இதற்குத் தக்க சான்று. அங்கு வாயுவைக் கொண்டுசென்ற பிளாத்திக்குக் குழாய்களின் சுவரூடாக வெளிக்காற்றின் ஈரம் ஊடுருவி, வாயுவில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 2,000 பங்கு நீராவி சேர, அறைகளின் பொசிவு மின்னோட்டம் உயர்ந்து, துகளைக் கண்டறியும் திறன் சரிந்தது. செப்புக் குழாய்களுக்கு மாறிய பின்னரே சிக்கல் தீர்ந்தது. குழாயினுள் அழுத்தம் சற்று மிகுந்திருந்தால் ஈரம் நுழையாது என நினைப்பது இயல்பாயினும், நீராவி தன் செறிவு குறைந்த பக்கம் நோக்கியே பரவுவதால் அவ்வழுத்தம் காப்பாவதில்லை. கொழும்பு போன்ற ஈரம் மிக்க நகரின் காற்றிலோ பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 30,000 பங்கு நீராவி உண்டு. ஆகவே, வாயு உருளையுடன் வரும் தூய்மைச் சான்றிதழ் உருளைக்கு மட்டுமே உரியது; உணரிக்குள் ஓடும் வாயுவுக்கு அன்று.

ஆர்-134ஏ, காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்கவல்லது, விலையும் குறைவன்று. எனவே அது வெளிவிடப்படாமல் ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூற்றுச் சல்லடைகளினூடாகவும் ஒட்சிசனைப் பிடிக்கும் உலோக ஊக்கிகளினூடாகவும் செலுத்தப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்படுகிறது. மீள்சுழற்சியில் மாசு படிப்படியாகத் திரள்வதால் சோதனை ஓயாது தேவைப்படுகிறது. ஈரத்தைப் பனிபடுநிலைமானியும், கூறுகளின் விகிதத்தை அவற்றைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பும் காட்டுகின்றன.

ஆகன் நிரப்பும் உணரிகளுக்கு நுட்பமான வேறொரு வழி உண்டு. இரும்பு-55 என்னும் கதிர்மூலம் வெளியிடும் 5.9 கிலோ இலத்திரன்-உவோற்று எக்சுக்கதிர், ஒற்றைக் கம்பியுள்ள சிற்றறையில் எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவு இலத்திரன்களை விடுவிப்பதால், துடிப்பின் உயரம் மாறினால் மாறியது வாயுவே என அறியலாம். வெப்பநிலையும் வளியமுக்கமும் அவ்வுயரத்தை மாற்றுமாகையால், அவற்றுக்கான திருத்தத்தைச் செய்யாத அளவீடு பயனற்றது.

கண்ணாடி அறைகளில் உண்டாகும் ஐதரோபுளோரிக்கமிலத்தின் அளவை அறிய, வெளியேறும் வாயு நீரில் குமிழவிடப்பட்டு, கரைந்த புளோரைட்டு அயன்கள் தனி மின்வாயால் அளக்கப்படுகின்றன. உணரியின் பொசிவு மின்னோட்டமும் மாசைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அது உயர்ந்து கண்ணிற்படுவதற்குள் கண்ணாடியில் அரிப்பு தொடங்கியிருக்கக்கூடும்.