நாலு பேர் படிக்க எழுதும்போது

உத்தரப் பிரதேச மாநிலத்தில் சித்ரகூட் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. பாறையும் காடும் நிறைந்த வறண்ட பகுதி அது. அந்தப் பகுதியைப் புந்தேல்கண்ட் என்பார்கள். அங்கே மக்கள் பேசுவது புந்தேலி மொழி. 2002-ம் ஆண்டு அங்கே ஒரு பத்திரிகை பிறந்தது. அதன் பெயர் 'கபர் லஹரியா'. செய்தி அலை என்று பொருள்.

அந்தப் பத்திரிகையை நடத்தியவர்கள் பெண்கள். அவர்களில் பலர் தலித் பெண்கள். ஆதிவாசிப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் உண்டு. சிலர் வளர்ந்து பெரியவர்களான பிறகே எழுதப் படிக்கக் கற்றவர்கள். ஊர் ஊராகப் போய்ச் செய்தி சேகரித்தார்கள். அவர்களே எழுதினார்கள். அவர்களே விற்றார்கள். 2009-ல் இந்தப் பணிக்கு யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. இப்போது செய்திகள் காகிதத்தில் வருவதில்லை. செல்போனில் வருகின்றன.

அதற்கு முன்பே, 1990-களில், அதே பகுதியில் 'மகிளா டாகியா' என்ற சிறு பத்திரிகை வந்தது. மகிளா என்றால் பெண். டாகியா என்றால் தபால்காரர். புதிதாக எழுதக் கற்ற பெண்களின் பத்திரிகை அது.

இப்படி எழுத அச்சகம்தான் வேண்டும் என்பதில்லை. பத்துப் பேர் ஆளுக்கு ஒரு செய்தி எழுதலாம். நல்ல கையெழுத்து உள்ள ஒருவர் பெரிய தாளில் படி எடுக்கலாம். அதை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டினால் அதுதான் சுவர்ப் பத்திரிகை. செலவு ஒரு தாள், ஒரு பேனா, கொஞ்சம் பசை.

கடிதம் எழுதுவது வேறு. இது வேறு. கடிதம் ஒருவர் கைக்குப் போகிறது. சுவரில் ஒட்டியதை ஊரே படிக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சு காற்றோடு போய்விடும். எழுதியது நிற்கும். பத்து நாள் கழித்தும் ஒருவர் அதைக் காட்டி, "இதை எழுதியது யார்?" என்று கேட்பார். அதனால்தான் சேர்ந்து எழுதுகிறவர்கள் தங்களுக்குள் சில விதிகளை வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு ஊரில் ரேஷன் கடை மூன்று நாள் பூட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணுக்குக் கோபம் வருகிறது. "கடைக்காரர் கோதுமையைத் திருடி விற்றுவிட்டார்" என்று எழுதுகிறார். அவர் திருட்டைப் பார்த்தாரா? இல்லை. பார்த்தது பூட்டிய கதவை. திருட்டு என்பது அவருடைய சந்தேகம். அவர் எழுத வேண்டியது இப்படி: "இந்த மாதம் 5, 6, 7 ஆகிய தேதிகளில் கடை திறக்கவில்லை. மக்கள் வெறும் பையோடு திரும்பினார்கள்." தேதி இருக்கிறது. கண்ட சாட்சி இருக்கிறது. இதை யாரும் மறுக்க முடியாது. உண்மையில், திட்டி எழுதியதைவிட இதுதான் அதிகாரிகளை அசைக்கும்.

அடுத்து, கடைக்காரரையும் கேட்க வேண்டும். லாரி வரவில்லை என்று அவர் சொல்லலாம். அதையும் எழுத வேண்டும். பிறகு வழங்கல் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். லாரி வந்தது என்று அங்கே சொன்னால் அதையும் எழுதலாம். யார் சொல்வது சரி என்று படிக்கிறவர்களுக்கே தெரிந்துவிடும்.

ஆதாரம் இல்லாமல் ஒருவர் மானத்தைக் கெடுத்து எழுதுவது குற்றம். அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இதைக் கேட்டுப் பயந்து பேனாவை மூடிவிட வேண்டியதில்லை. பொது நன்மைக்காக உண்மையைச் சொன்னால் அது அவதூறு ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒருவர் தினமும் மனைவியை அடிக்கிறார். அந்தப் பெண்ணுக்கு உதவ நினைத்து, பெயரோடு எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். ஊர் படிக்கிறது. கணவனும் படிக்கிறான். அன்று இரவு அந்தப் பெண்ணுக்கு இன்னும் அதிகமாக அடி விழுகிறது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதினார். ஆனால் அடி வாங்கியது அவர் அல்ல.

ஆகவே முதலில் அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் எழுதக் கூடாது. சரி என்று சொன்னாலும் பெயரை மாற்றலாம். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. 'கோயிலுக்கு எதிர் வீடு' என்று எழுதினால் ஊருக்குத் தெரியாதா?

பாலியல் பலாத்காரத்துக்கு ஆளானவர் விஷயத்தில் இது சட்டமாகவே இருக்கிறது. அவர் யார் என்று காட்டிக் கொடுக்கும் எதையும் வெளியிடக் கூடாது. இந்தத் தடை 1983-ல் வந்தது. 2024 ஜூலை முதல் இது பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 72-ம் பிரிவில் இருக்கிறது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. வயது வந்த பெண் தானே எழுத்தில் அனுமதி தந்தால் அது வேறு. குழந்தைகள் என்றால் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் இன்னும் கண்டிப்பானது. குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது.

இன்னொருவர் எழுதியதைத் தன் பெயரில் போடுவதும் தவறு. 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கே அந்த எழுத்து சொந்தம். பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. எழுதிய உடனேயே உரிமை வந்துவிடுகிறது. அவர் வாழும் காலம் முழுவதும், இறந்த பிறகு 60 ஆண்டும் அந்த உரிமை நிற்கும். முன்பு 50 ஆண்டாக இருந்தது. 1941-ல் இறந்த ரவீந்திரநாத் தாகூரின் நூல்களுக்கு அந்த 50 ஆண்டு முடியப் போன நேரத்தில்தான் அதை 60 ஆக்கினார்கள். தாகூருக்கு இருந்த இந்த உரிமை, நேற்று எழுதப் பழகிய கூலித் தொழிலாளிக்கும் உண்டு. தாத்தா பாட்டி காலத்துப் பழமொழியோ விடுகதையோ என்றால் அது எல்லோருக்கும் பொது. யாரிடம் கேட்டது என்று சொல்லி எழுதினால் மரியாதை.

ஒட்டுவதற்கு முன் எல்லோரும் கூடி உட்கார்ந்து படிப்பது நல்லது. அப்போது சிலர் எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஒரு ஆளின் பேனாவை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவிடும். பிழையைத் திருத்தலாம், ஆளைக் கேலி செய்யக் கூடாது. எழுதியவரைக் கேட்காமல் கருத்தை மாற்றவும் கூடாது. ஊர்ப் பேச்சு மொழி பிழை அல்ல. கபர் லஹரியா பெண்கள் புந்தேலியில்தான் எழுதினார்கள். புத்தக இந்திக்கு ஏங்கி நிற்கவில்லை.

இவ்வளவு பார்த்தும் தவறு வரலாம். வழங்கல் அலுவலகத்தில் தவறான தேதி சொல்லியிருக்கலாம். கேட்டவர் தவறாக எழுதியிருக்கலாம். அப்போது தாளைக் கிழித்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. தவறு வந்த அதே சுவரில், அதே அளவு எழுத்தில், "லாரி வந்தது 4-ம் தேதி அல்ல, 8-ம் தேதி. தவறாக எழுதியதற்கு வருந்துகிறோம்" என்று ஒட்ட வேண்டும். கடைக்காரரிடமும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.