தெருக்குழாயும் மாமன்றமும்

சிவகாசி மாநகராட்சியின் முதல் தேர்தலில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்ற கணக்கை டீக்கடை பெஞ்சில் உட்காரும் எந்தத் தோழரும் விரல் மடக்கிச் சொல்லிவிடுவார். 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப் பதிவு; 22 அன்று முடிவு. மொத்தம் 48 வார்டு. தி.மு.க. 24, அ.தி.மு.க. 11, காங்கிரஸ் 6. மிச்சம் சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும். மார்ச் 4 அன்று சங்கீதா இன்பம் முதல் மேயர் ஆனார். மாலை விழுந்தது, வெடி வெடித்தது. வெடிக்குப் பஞ்சமா இந்த ஊரில்!

நாம் பேச வந்தது அந்தக் கணக்கை அல்ல. அதற்கு முன் கிடந்த வெறுமையை.

2011இல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் ஆயுள் 2016 அக்டோபரில் முடிந்தது. ஆயுள் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்து என்கிறது அரசியல் சட்டம். பழங்குடியினர் இட ஒதுக்கீடு ஒழுங்காக இல்லை என்று வழக்கு வந்தது. அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. சரி, பிழையைத் திருத்த வேண்டியதுதான். திருத்துவதற்கு ஐந்தாண்டுக்கு மேலா வேண்டும்? அத்தனை காலமும் சிவகாசியும் திருத்தங்கலும் அதிகாரிகளின் கையில். 2021இல் இரு நகராட்சியையும் இணைத்து மாநகராட்சி என்றார்கள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல, மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூட அன்று இரு ஊரிலும் இல்லை!

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரைப் பாருங்கள். 32 வார்டு, வார்டுக்கு மூவர், ஆக 96 உறுப்பினர். நான்கு ஆண்டில் மூன்று ஆண்டு, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குத் தேர்தல். ஆளும் கட்சி வாசல் வாசலாக வந்து நின்றே தீர வேண்டும். இங்கோ, வாசற்படி ஏற ஆளே இல்லாமல் ஐந்தாண்டு!

பட்டாசு ஆலைக்கு உரிமம் கொடுப்பது மாமன்றம் அல்லவே என்பார் சிலர். உண்மைதான். ஆனால் உடம்பெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க வீடு திரும்பும் தொழிலாளிக்குக் குளிக்கத் தண்ணீர் விடுவது யார்? பிள்ளையைத் தூக்குமுன் கை கழுவக் குழாய் திறப்பது யார்? வெம்பக்கோட்டைத் தண்ணீரோ மானூர்த் தண்ணீரோ, அது நம் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது மாமன்றத்தின் காரியம். மேயரையும் நாம் நேரே தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள்தாம் தேர்ந்தெடுத்தார்கள். நம் கையில் இருந்தது வார்டு ஓட்டு ஒன்றே.

கவுன்சிலர் பதவி எப்படிப்பட்ட வேலை என்று விருதுநகர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1941இல் சிறையில் இருக்கும்போதே காமராசரை நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்த ஊர் அது. நவம்பரில் விடுதலையாகி வந்தவர், முழுதாக உழைக்க முடியாத பதவி தமக்கு வேண்டாம் என்று விலகினார். நாற்காலியைத் தோள் துண்டு போட்டுப் பிடிக்கும் பெரியவர்கள் இதை ஒருமுறை நினைக்கட்டும்.

2022 நவம்பர் 1 அன்று நகரங்களில் பகுதி சபை தொடங்கிற்று. தெருக்காரர் எழுந்து கவுன்சிலரைக் கேட்கலாம்: தண்ணீர் எங்கே, சாக்கடை எப்போது? போனால் ஒருநாள் கூலி போகுமே என்கிறீர்களா? போகும். அதனால்தான் சொல்கிறோம்: கூட்டத்தை ஆலை விட்ட பிறகு, மாலை ஆறு மணிக்கு வையுங்கள். நாங்கள் வருகிறோம்.