ஜோன்ஸ் ஜில்லாக் குடியானவர்கள்

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்பிக்கும்போது, அடிமைத்தனத்தை வடக்கு எதிர்த்தது, தெற்கு ஆதரித்தது என்று இரண்டே வரிகளில் முடித்துவிடுகிறோம். நானும் பல வருஷங்கள் அவ்விதமே கற்பித்தேன். கேரி ராஸ் டைரக்ட் செய்து 2016-இல் வெளிவந்த 'ஃப்ரீ ஸ்டேட் ஆஃப் ஜோன்ஸ்' என்னும் பேசும் படம், அது அரை உண்மையே என்பதைக் காட்டுகிறது.

மிஸிஸிபி ராஜ்யத்தில் அக்காலத்தில் ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். பைன் காடுகள் நிறைந்த ஜோன்ஸ் ஜில்லாவிலோ, எட்டில் ஒரு பங்கினரே அடிமைகள். அங்கிருந்த வெள்ளையரிற் பெரும்பாலோர் சொந்தக் கையால் உழுதுண்ட ஏழைகள். 1862-இல் தென்னாட்டுச் சர்க்கார் அவர்களைக் கட்டாயமாகப் பட்டாளத்திற் சேர்த்தது. அதே வருஷத்தில், இருபது அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையர் வீதம் பட்டாளத்திலிருந்து விலக்கு அளித்தது. 1863-இல் ஏழைகளின் விளைவிலும் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்டது. செல்வர்களின் உடைமையைக் காக்க ஏழைகள் உயிர்விடுவதா?

இக்கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் நியூட்டன் நைட். பட்டாளத்தைத் துறந்து ஊர் திரும்பிய அவர், 1863 அக்டோபரில் தம்மையொத்தவர்களைத் திரட்டி, லீஃப் நதியோரச் சதுப்பு நிலங்களில் மறைந்து போராடினார். ரேச்சல் என்னும் அடிமை மாது அவர்களுக்கு உற்ற துணையாயிருந்தார். 1864-இல் சர்க்காரின் படை வேட்டை நாய்களுடன் வந்து பலரைத் தூக்கிலிட்டது. நைட் மட்டும் அகப்படவில்லை.

மாத்யூ மக்கானஹே நைட்டாகத் திறம்பட நடித்திருக்கிறார். ஆனால் யுத்தக் காட்சிகளைவிட என் மனத்தைத் தொட்டது, யுத்தம் முடிந்த பிறகு வரும் பகுதிதான். விடுதலை பெற்ற மோஸஸ் என்ற கற்பனைப் பாத்திரம், தன் இனத்தாரை வாக்காளராகப் பதிவு செய்ய ஊர் ஊராகச் செல்கிறது. அந்த ஒரு குற்றத்திற்காகவே அவனைக் கொன்றுவிடுகிறார்கள்! சட்டம் விடுதலை தந்தது. சமூகம் தர மறுத்தது.

நைட் ரேச்சலுடன் வாழ்ந்து மக்களைப் பெற்று, 1922-இல் காலமானார். கதை அத்துடன் முடியவில்லை. அவர்கள் வம்சத்தில் உதித்த டேவிஸ் நைட், வெள்ளைப் பெண்ணை மணந்தமைக்காக 1948-இல் அதே ஜில்லாவில் குற்றவாளியென்று தீர்ப்பளிக்கப்பட்டார். மறு வருஷம் மேல்கோர்ட்டு அதை ரத்து செய்தது. அத்தகைய சட்டங்கள் செல்லாவென அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1967-இல்தான் கூறியது.

துப்பாக்கிகள் ஓய்ந்தது 1865-இல். அதன்பின் நூறு வருஷங்களுக்கு மேல் நடந்த யுத்தத்தையும் நம் குழந்தைகளுக்குச் சொல்லவேண்டாமா?