மின் கைவட்டவாள்

மின் கைவட்டவாள் அல்லது வட்ட ரம்பம் என்பது பற்கள் கொண்ட வட்டத்தகட்டை மின்னோடியால் சுழற்றி மரம் அறுக்கும் கைக்கருவி ஆகும். 1920களில் ஐக்கிய அமெரிக்காவில் எட்மண்ட் மிச்செல் இதனை வடிவமைத்தார்.

இதன் முதன்மையான ஆபத்து பின்னுதைப்பு. அறுத்த பிளவு இறுகித் தகட்டைக் கவ்வினால், சுழல்விசை கருவியையே கிளப்பி இயக்குபவரை நோக்கி எறியும். பலகையின் இரு முனைகளை மட்டும் தாங்கி நடுவில் அறுப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். பலகை தொய்ந்து பிளவை மூடிவிடுகின்றது. எனவே அறுகோட்டின் அருகே தாங்கல் வைத்து, வெட்டுத்துண்டு தடையின்றி விழ விடுதல் வேண்டும். தகட்டின் நேர்கோட்டில் நிற்கலாகாது. தகடு பலகைக்குக் கீழே ஒரு பல்லளவுக்கு மேல் நீளாதவாறு ஆழம் அமைக்கப்படும்.

கீழ்க்காப்புறை சுருள்வில்லால் தானே மூடிக்கொள்ளும். அதனை ஆப்பு வைத்துத் திறந்தே வைத்திருப்பது மிகத் தவறான பழக்கம். விசையை விட்ட பின்னும் தகடு சில நொடிகள் சுழலுமாதலால், காப்புறை மூடியதைக் கண்ட பின்னரே கருவியைக் கீழே வைப்பர்.