பூன் குடும்பம்: சபை ஏட்டில் கிடைத்த தடம்

நீங்கள் காணும் கல்வீடு பிற்காலத்தது. அதற்கு அடியில் இருக்கும் அடித்தளமும் நிலவறை ஊற்றும் ஸ்கொயர் பூன் கட்டிய மரவீட்டின் எச்சங்கள். கென்டக்கிக்குக் காட்டுவழி திறந்த அவர் மகன் டேனியல் பூன் அங்கேதான் 1734இல் பிறந்தார்.

பிறந்த தேதி அக்டோபர் 22 என்றும் நவம்பர் 2 என்றும் ஏடுகளில் இருக்கும். இரண்டும் சரி. 1752இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றியபோது 11 நாள் கூடியது. டேனியல் பழைய தேதியையே சொல்லிவந்தார்.

தாத்தா ஜார்ஜ் பூன் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து 1717இல் பென்சில்வேனியா வந்தவர். குடும்பமே குவேக்கர் சபை. பிறப்பு, திருமணம் எல்லாவற்றையும் சபை எழுதிவைத்தது, வழக்குகளையும்தான். வம்சம் தேடுவோருக்கு உண்மையில் அதிகம் உதவுவது இந்த வழக்குப் பக்கங்களே. 1742இல் ஸ்கொயரின் மூத்த மகள் சபைக்கு வெளியே மணந்தாள்; பெற்றோர் மன்னிப்புக் கேட்டனர். 1747இல் மகன் இஸ்ரேலும் அப்படியே மணந்தான். நெசவும் கொல்லுவேலையும் செய்த தகப்பன் இம்முறை பணியவில்லை. சபை அவரை விலக்கியது. 1750இல் குடும்பம் தெற்கே புறப்பட்டு வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கில் குடியேறியது.

டேனியலுக்கும் அவர் மனைவி ரெபெக்காவுக்கும் பத்துப் பிள்ளைகள். ஜேம்ஸ் 1773இலும், பெரியப்பா பெயர் தாங்கிய இஸ்ரேல் 1782இலும் எல்லைச் சண்டைகளில் மாண்டனர். கடைசி மகன் நேதனிடமும் மருமகள் ஆலிவிடமும் 1851இல் வரலாற்றாய்வாளர் லைமன் டிரேப்பர் நேரில் கேட்டு எழுதிய குறிப்புகள் இன்று விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளன.